வீட்டுக்குள் கொசு மருந்தை ஆவியாக்கிப் பயன்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"லிக்விட் ஓடிக்கிட்டேதான் இருக்கு, கொசுவும் கடிச்சுக்கிட்டேதான் இருக்கு." இந்தப் புகார் வரும் அறைக்குள் நுழைந்து பார்த்தால், பெரும்பாலும் மருந்தைத் தவிர மற்றதெல்லாம் தப்பாக இருக்கும். ஜன்னல் விரியத் திறந்திருக்கும், மெஷின் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், பாயை விரித்த பிறகுதான் சுவிட்ச் போட்டிருப்பார்கள். மருந்தை வெளியே விடுவதோடு மெஷினின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வேலை செய்ய வேண்டியது அறைக் காற்று. அந்தக் காற்றில் போதுமான மருந்து, கொசு பறக்கும் நேரத்தில், கொசு இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்கைப் பற்றியதுதான்.

மருந்து கொசுவை என்ன செய்கிறது

வீட்டில் ஆவியாக்கும் கொசு மருந்துகள் ஏறக்குறைய எல்லாமே பைரெத்ராய்டு வகை. பைரெத்ரம் என்ற சாமந்தி இனப் பூவில் இருக்கும் இயற்கை நஞ்சைப் பார்த்து ஆய்வகத்தில் உருவாக்கியவை. முதலில் வந்தது அல்லெத்ரின், 1949ல். இன்று லேபிளில் அதிகம் பார்ப்பது ப்ராலெத்ரின், டிரான்ஸ்ஃப்ளூத்ரின், மெட்டோஃப்ளூத்ரின், டைமெஃப்ளூத்ரின் போன்ற பெயர்கள். கொசுவலைக்குப் பூசும் டெல்டாமெத்ரினும் இதே குடும்பம்தான்; ஆனால் அது லேசில் ஆவியாகாது, அதனால் இந்த வேலைக்கு உதவாது.

கொசுவின் நரம்பில் சோடியம் அயனிகள் போய்வரும் சிறு வாயில்கள் உண்டு. பைரெத்ராய்டு அந்த வாயில்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நரம்பு ஓயாமல் துடிக்கிறது. மருந்து கொஞ்சமாக இருந்தால் கொசு நிலைகொள்ளாமல் அலையும், ஆளைத் தேடிவந்து உட்கார்ந்து கடிக்கும் வரிசை குலைந்துபோகும், வழி கிடைத்தால் வெளியேறும். அளவு கூடினால் மல்லாந்து விழும். இன்னும் கூடினால் சாகும். ஆகவே தரையில் செத்த கொசு கிடக்கவில்லை என்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. காலையில் எண்ண வேண்டியது உடம்பில் இருக்கும் கடிகளை.

எந்த வடிவம், எதற்கு

லிக்விட். அன்றாடப் படுக்கையறைக்கு இதுதான் வசதி. 35 அல்லது 45 மி.லி. பாட்டிலில், மணம் நீக்கிய ஹைட்ரோகார்பன் கரைப்பானில் மருந்து கரைந்திருக்கும். திரி அதை உறிஞ்சி மேலே ஏற்றும். திரியின் தலையைச் சுற்றியுள்ள ஹீட்டர் வளையம் பொதுவாக 100 முதல் 140 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி ஆவியாக்கும். வளையத்துக்குள் இருக்கும் பி.டி.சி. வில்லை, சூடு ஏற ஏறத் தன் மின்தடையைத் தானே கூட்டிக்கொள்ளும். அதனால் குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் போகாது. பாட்டில் தீரும்வரை மருந்து ஏறக்குறைய சீராக வரும்.

மேட். மருந்து ஊறிய சிறு அட்டை, சுமார் 35 மி.மீ. நீளம், 22 மி.மீ. அகலம். லிக்விடைவிட அதிகச் சூடு வேண்டும், தட்டு 160 டிகிரி அருகே போகும். முதல் சில மணி நேரம் மருந்து வேகமாக வரும், விடிகாலையில் மெலிந்துவிடும். எட்டு முதல் பத்து மணி நேரம்தான் ஆயுள். நிறம் வெளுத்த மேட் தீர்ந்த மேட். இரண்டு மேட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோர் உண்டு. மேலே உள்ளதற்குச் சூடு ஏறாது, இரட்டிப்பு மருந்தும் வராது.

சுருள். மின்சாரம் வேண்டாம், அது ஒன்றுதான் இதன் பலம். மரத்தூளும் தேங்காய் ஓட்டுத் தூளும் எரியும்போது மருந்தோடு நுண்துகளும் சேர்ந்து வரும். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. பூட்டிய அறைக்குள் சுருளை ஏற்றிவைத்துத் தூங்குவது கூடாது. திண்ணை, வராந்தா, மொட்டைமாடி என்றால் சரி. ஏற்றும்போது உலோகத் தட்டு, தட்டைச் சுற்றி ஒரு முழம் வெற்றிடம். கட்டிலுக்கு அடியில் வைப்பதே ஆகாது.

சூடில்லாத வகை. டிரான்ஸ்ஃப்ளூத்ரினும் மெட்டோஃப்ளூத்ரினும் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். இவற்றைக் காகிதத்திலோ பிளாஸ்டிக் வலையிலோ ஊறவைத்துத் தொங்கவிடுகிறார்கள், அல்லது சிறு மின்விசிறிக்கு முன்னால் வைக்கிறார்கள். மின்வெட்டு அதிகமுள்ள வீட்டுக்கும் அலமாரி, குளியலறை போன்ற சிறு இடங்களுக்கும் பொருந்தும். குளிர்ந்த இரவில் வீரியம் குறையும், அதற்கு மாற்று வழி இல்லை.

ஸ்ப்ரே இந்தப் பட்டியலில் சேராது. அது ஆவி அல்ல, துளி. ஆனால் இருட்டு மூலைகளில் உட்கார்ந்திருக்கும் கொசுவை ஒரே தடவையில் தீர்க்க அதைவிட வேகமானது இல்லை. எல்லோரும் வெளியே வந்த பிறகு அடித்து, கதவை மூடி, 15 நிமிடம் விட்டு, திறந்து காற்றாடவிட்டு உள்ளே போக வேண்டும். ஸ்ப்ரேயை உந்தித் தள்ளுவது பெரும்பாலும் எரியும் வாயு. அடித்த கையோடு மின்சாரக் கொசு மட்டையை வீசினால் அதன் பொறியில் தீப்பிடிக்கலாம்.

டைகுளோர்வாஸ் ஊறிய பட்டைகளும் சில கடைகளில் கிடைக்கும். அது பைரெத்ராய்டு அல்ல, ஆர்கனோபாஸ்பேட்; மனித நரம்பையும் நேராகத் தாக்கும் வகை. ஆள் படுத்துறங்கும் அறையில் அதற்கு வேலையே இல்லை.

அறையை அளந்துகொள்ளுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள். 3.5 × 3 × 2.8 என்றால் 29.4 கன மீட்டர். சாதாரண லிக்விட் மெஷின் ஒன்று சுமார் 30 கன மீட்டர் அறைக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஹாலும் சமையலறையும் இடையில் கதவில்லாமல் ஒன்றாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 60 கன மீட்டர் வந்தால் எதிரெதிர் பக்கத்தில் இரண்டு மெஷின். ஒன்றை வைத்து ‘ஹை’யில் ஓட்டினால் அதன் பக்கத்தில் மட்டும் மருந்து நிற்கும்.

அடுத்தது மருந்தின் கணக்கு. லேபிளில் உள்ள சதவீதம் கன அளவுக்கு எடை (w/v) என்ற கணக்கில் இருந்தால், அதைப் பத்தால் பெருக்கினால் ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. மருந்து என்று கிடைக்கும். 1.6 சதவீத ப்ராலெத்ரின் என்றால் மி.லி.க்கு 16 மி.கி.; 45 மி.லி. பாட்டிலில் 720 மி.கி. அந்தப் பாட்டில் 480 மணி நேரம் வரும் என்று லேபிள் சொன்னால் மணிக்கு 1.5 மி.கி. இதே அளவு பாட்டிலில் 0.88 சதவீத டிரான்ஸ்ஃப்ளூத்ரின் என்றால் மொத்தம் 396 மி.கி., மணிக்கு 0.8 மி.கி.க்குச் சற்று மேல். சதவீதம் குறைவு என்பதால் இரண்டாவது மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு மருந்தின் வீரியமும் வேறு, சதவீதத்தை வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

இப்போது காற்றைப் பாருங்கள். ஓட்டைத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டது போலத்தான்: மேலே எவ்வளவு விழுகிறது, கீழே எவ்வளவு ஒழுகுகிறது என்பதைப் பொறுத்தே மட்டம் நிற்கும். கதவு ஜன்னல் சாத்திய 30 கன மீட்டர் அறையில், இண்டு இடுக்கு வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று முழுதாக மாறுகிறது என்று வையுங்கள். மணிக்கு 15 கன மீட்டர் வெளியேறும். மணிக்கு 1.5 மி.கி. மருந்து விழுந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மி.கி. வரை ஏறலாம். ஜன்னலைத் திறந்து ஃபேனும் போட்டால் மணிக்குப் பத்து முறை காற்று மாறுவது சாதாரணம். அப்போது அதே மெஷினிலிருந்து கிடைப்பது 0.005 மி.கி., இருபதில் ஒரு பங்கு. சுவர், துணி, மெத்தை மேலும் கொஞ்சம் மருந்து படிந்துபோவதால் உண்மை அளவுகள் இரண்டிலும் இதைவிடக் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் அந்த இருபது மடங்கு வித்தியாசத்தைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. சாத்திய அறையில் மட்டம் மெதுவாகத்தான் ஏறும். சுவிட்ச் போட்டு அரை மணி நேரத்தில் இறுதி அளவில் கால் பங்குகூட வராது. இரண்டு மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும். "அரை மணி நேரம் முன்னால் போடுங்கள்" என்பது குறைந்தபட்ச அறிவுரை. ஒரு மணி நேரம் முன்னால் போடுவது நல்லது.

செய்யும் முறை

1. அந்தி சாய்வதற்கு முன் ஜன்னல்களைச் சாத்துங்கள். வலை அடித்த ஜன்னலானால் வலையின் ஓரங்களைப் பாருங்கள். கிழிசலைவிட, சட்டத்துக்கும் வலைக்கும் நடுவில் பிரிந்த இடைவெளி வழியாகத்தான் அதிகம் நுழையும். கதவின் அடியிடுக்கில் துணிச் சுருள் போதும்.

2. ஏற்கெனவே உள்ளே இருக்கும் கொசுவைக் கிளப்புங்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் துணிகள், திரைச்சீலை மடிப்பு, கட்டிலின் அடி, மேசைக்குக் கீழே இருக்கும் செருப்பு மூலை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இருட்டான துணி மிகவும் பிடித்த இடம். ஓய்வெடுக்கும் கொசு மேல் ஆவி மெதுவாகத்தான் போய்ச் சேரும், பறக்கிற கொசுதான் சீக்கிரம் மாட்டும்.

3. சாக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள். தரையிலிருந்து 30 முதல் 60 செ.மீ. உயரம் நல்லது. சூடான ஆவி தானாக மேலே ஏறும் என்பதால் கீழே வைத்தால் அறை முழுக்கக் கலக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து ஆளை நோக்கி வருகிறதோ அந்தப் பக்கம் இருக்கட்டும். தலையணையிலிருந்து 2 மீட்டர் தள்ளி. மேலே அரை மீட்டருக்குள் அலமாரிப் பலகை, திரைச்சீலை எதுவும் கூடாது: பலகையில் மருந்து படிந்து வீணாகும், திரைச்சீலை தீ அபாயம்.

4. பாட்டில் நிமிர்ந்து நிற்க வேண்டும். சாக்கெட் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் பிளக்கைச் சுழற்றும் வசதியுள்ள மெஷின் வாங்குங்கள். தரையில் படுத்திருக்கும் நீட்டிப்புப் பலகையில் செருகினால் பாட்டில் படுத்துவிடும், திரி வழியாக லிக்விட் ஒழுகி ஹீட்டருக்குள் போகும்.

5. புதிய ரீஃபிலின் மூடியைக் கழற்றி, திரியைத் தொடாமல் நேராகத் திருகி ஏற்றுங்கள். திரி வளையத்தின் நடுவில் எங்கும் உரசாமல் நிற்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கம் கருகும், மறுபக்கம் ஆவியாகாது. ஒரு கம்பெனி மெஷினில் இன்னொரு கம்பெனி ரீஃபில் திருகிக்கொள்ளும், ஆனால் திரியின் உயரமோ பருமனோ கொஞ்சம் மாறியிருந்தாலும் ஆவியாகும் வேகம் மாறிவிடும்.

6. யாரும் இல்லாத அறையில், எல்லாம் சாத்தியபடி, படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன் ‘ஹை’யில் போடுங்கள். திறந்து கிடக்கும் தின்பண்டம், தண்ணீர்ப் பாத்திரம், குழந்தையின் பால் பாட்டில் எல்லாம் அதற்கு முன் அறையைவிட்டுப் போய்விட வேண்டும்.

7. ஆட்கள் உள்ளே வந்ததும் ‘நார்மலு’க்கு மாற்றி, வலை அடித்த ஜன்னல் ஒன்றை ஒரு சாண் திறந்துவையுங்கள். மூச்சுக்குக் காற்றும் வேண்டும், கொசுவுக்கு மருந்தும் நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஏற்பாடு இது. எல்லா ஜன்னலையும் இறுகச் சாத்தி இரவு முழுக்க ‘ஹை’யில் ஓட்டுவதும் தப்பு.

8. காலையில் சுவிட்சை அணைத்து, ஜன்னல் கதவுகளை அரை மணி நேரமாவது நன்றாகத் திறந்துவையுங்கள். வாரம் ஒருமுறை மெஷினைச் சுற்றியுள்ள சுவரையும் தரையையும் ஈரத்துணியால் துடையுங்கள். படிந்த மருந்து அங்கேதான் சேரும், தவழும் குழந்தையின் கையும் அங்கேதான் போகும்.

ஃபேனும் ஏ.சி.யும்

சீலிங் ஃபேன் மருந்தைக் கெடுக்கும் என்பது பாதி உண்மை. ஜன்னல் சாத்தியிருந்தால் ஃபேன் மருந்தை மூலைமுடுக்கெல்லாம் கலக்கி உதவவே செய்யும். போதாததற்குக் கொசுவால் வலுவாகப் பறக்க முடியாது. கட்டில் மேல் நல்ல காற்று அடித்தாலே அதற்கு உட்கார முடியாது. ஜன்னலும் திறந்து ஃபேனும் ஓடினால்தான் முன்னே பார்த்த இருபது மடங்கு இழப்பு.

ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. அதனால் மருந்து மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே போகும். ஏ.சி. அறையில் முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மிகக் குறைந்த அளவில் ஓட்டினாலே போதும். காலையில் தொண்டை கரகரப்போ தலைவலியோ இருந்தால், நள்ளிரவில் தானாக அணையும்படி டைமர் வைத்து, மிச்ச நேரத்துக்குக் கொசுவலை கட்டுங்கள். ஏ.சி.யின் குளிர்க்காற்று நேராகப் படும் சாக்கெட் வேண்டாம், அது ஹீட்டரின் சூட்டைத் திருடிவிடும்.

எந்தக் கொசு, எந்த நேரம்

இரவு பத்து மணிக்குப் போட்டுக் காலை ஆறு மணிக்கு அணைக்கும் வீட்டுக்கு டெங்குவிலிருந்து பெரிய பாதுகாப்பு இல்லை. ஏடிஸ் பகலில் கடிப்பது. விடிந்த பிறகான இரண்டு மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்கு உச்சம். கால்களில் வெள்ளை வளையம் இருக்கும், கணுக்காலைத்தான் தேடிவரும். வீட்டில் அது இருந்தால் மாலை நான்கு மணிக்கே அந்த அறையில் மெஷின் ஓட வேண்டும். பகல் முழுக்க ஓட்டுவதைவிட முழுக்கால் உடையும் உடம்பில் பூசும் விரட்டியும் நல்லது. சாக்கடைத் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் இருட்டியதும் வந்து நள்ளிரவு தாண்டியும் கடிக்கும். மலேரியாவின் அனாஃபிலிஸ் பல இடங்களில் பின்னிரவிலும் விடியலுக்கு முன்னும் கடிக்கும் என்பதால், தூக்கம் வந்ததும் மெஷினை அணைத்துவிடும் பழக்கம் அங்கே ஆபத்து.

ஆவிக்கு முட்டையும் புழுவும் அகப்படாது. தேங்கிய நீரில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஃபிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, ஏ.சி. தண்ணீர் சொட்டும் வாளி இவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்காத வீட்டில் எந்த மருந்தும் தினமும் புதுக் கொசுவோடுதான் சண்டை போடும்.

வேலை செய்யவில்லை என்றால்

முதலில், மெஷின் உண்மையிலேயே மருந்தை வெளிவிடுகிறதா என்று பாருங்கள். சிவப்பு விளக்கு எரிவது மின்சாரம் வருவதற்கு மட்டும்தான் சாட்சி. சமையலறைத் தராசில் ரீஃபிலைத் தனியாக எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கரைப்பானின் அடர்த்தி மி.லி.க்குச் சுமார் 0.8 கிராம், ஆகவே 45 மி.லி. என்றால் 36 கிராம். அது 480 மணி நேரத்தில் தீர வேண்டுமானால் பத்து மணி நேர இரவுக்கு 0.75 கிராம் குறைய வேண்டும். ஒரு கிராம் வரை காட்டும் சாதாரணத் தராசானால் நான்கு இரவு விட்டுப் பாருங்கள், 3 கிராம் குறைந்திருக்க வேண்டும். ஒரு கிராம்தான் குறைந்திருந்தால் திரியோ ஹீட்டரோ கெட்டிருக்கிறது. 5 கிராம் போயிருந்தால் ‘ஹை’யிலேயே ஓடுகிறது, அல்லது எங்கோ கசிகிறது.

திரியின் தலை பழுப்பைத் தாண்டிக் கறுத்திருந்தால் அடைப்பு. ஆவியாகாத பிசினும் அறைத் தூசியும் நுண்துளைகளில் சேர்ந்து கருகியிருக்கும். பிளேடால் சுரண்டாதீர்கள், துளைகள் இன்னும் அடைபடும். ஒவ்வொரு ரீஃபிலும் புதுத் திரியோடு வருவதே இதற்காகத்தான். காலியான பாட்டிலோடு நாள்கணக்கில் மெஷினை ஓடவிட்டாலும் திரி இப்படித்தான் கருகும்.

மண்ணெண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பழைய பாட்டிலில் ஊற்றும் யோசனை ஊரெல்லாம் சுற்றுகிறது. மண்ணெண்ணெயின் ஆவி 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே தீப்பிடிக்கக்கூடியது. ஹீட்டர் வளையமோ 100 டிகிரிக்கு மேல். கொசு போகாது, வீடு போகலாம். வேப்பெண்ணெய் ஊற்றினால் அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் அதன் கெட்டித்தன்மைக்குத் திரி இரண்டு நாளில் அடைத்துக்கொள்ளும்.

மற்றவை சின்னக் கோளாறுகள். தளர்ந்த சாக்கெட்டில் ஹீட்டர் விட்டுவிட்டுச் சூடாகும். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் லிக்விட் வளையத்தில் சிந்தியிருக்கிறது: அணைத்து, ஆறவிட்டு, உலர்ந்த துணியால் துடையுங்கள். மின்னழுத்தம் குறைவான இரவுகளில் மேட் முழுச் சூட்டை எட்டாமல் காலையில் பாதி நிறத்தோடு கிடக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் கடி குறையவில்லையா? அப்போதுதான் மருந்துக்குப் பழகிய கொசு என்று சந்தேகப்பட வேண்டும். உலகின் பல பகுதிகளில் ஏடிஸும் க்யூலெக்ஸும் பைரெத்ராய்டைத் தாங்கும்படி மாறியிருக்கின்றன. மருந்து பிடிக்க வேண்டிய சோடியம் வாயிலின் வடிவமே மாறியிருக்கும், அல்லது மருந்தைச் சிதைக்கும் நொதி உடம்பில் பெருகியிருக்கும். வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். மெஷின் ஓடும் அறையில் மல்லாந்து காலை உதைத்துக்கொண்டு கிடக்கும் கொசுக்களில் பத்தைப் பதினைந்தை மெல்லிய தூரிகையால் அள்ளி, சுத்தமான காகிதக் குவளையில் போட்டு, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள். துணி மேல் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. மருந்தே போடாத அறையில் 24 மணி நேரம் வையுங்கள். மருந்தில்லாத இடத்தில் பிடித்த கொசுக்களை இன்னொரு குவளையில் இதேபோல வைக்க வேண்டும். பிடித்த அழுத்தத்திலேயே செத்தவை எத்தனை என்று அதுதான் காட்டும். முதல் குவளையில் பாதிக்கு மேல் எழுந்து பறந்தால் இரண்டில் ஒன்று: அறையில் மருந்து அளவு போதவில்லை, அல்லது கொசு தாங்குகிறது. எடைச் சோதனையும் ஜன்னலும் சரியாக இருந்தால் இரண்டாவதுதான்.

அந்த நிலையில் ‘ஹை’யை இரவு முழுக்க வைப்பது வீண், தாங்கும் கொசுவை மட்டும் மிச்சம் வைத்து வளர்க்கும். ப்ராலெத்ரினிலிருந்து டிரான்ஸ்ஃப்ளூத்ரினுக்கு மாற்றிப் பார்க்கலாம், சில இடங்களில் வித்தியாசம் தெரியும். ஆனால் இரண்டும் தாக்குவது ஒரே வாயிலைத்தான் என்பதால் பெரிதாக நம்ப வேண்டாம். நம்பக்கூடியது வலை, கொசு மட்டை, தேங்கிய நீரை ஒழிப்பது.

யாருக்கு வேண்டாம்

மீன்தொட்டி இருக்கும் அறையில் ஆவி மருந்தே கூடாது. மீனுக்குப் பைரெத்ராய்டு கொடிய நஞ்சு, தொட்டியின் காற்றுப் பம்பு அறைக் காற்றை நேராகத் தண்ணீருக்குள் செலுத்திக்கொண்டே இருக்கும். தொட்டியை மூடினாலும் பம்பு இழுக்கும்; பம்பை நிறுத்தினால் மீனுக்கு ஆக்சிஜன் போதாது. பட்டுப்புழு, தேனீ வளர்ப்போர் வீட்டுக்கும் இதே விதி. பூனையின் ஈரல் இந்த மருந்துகளை மெதுவாகத்தான் கழிக்கும். ஆவியின் அளவு சிறியதுதான் என்றாலும் பூனைக்கு வெளியே போக வழி இருக்கட்டும். நடுக்கமோ வழக்கத்துக்கு மீறிய உமிழ்நீரோ தெரிந்தால் நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கூண்டுப் பறவைகளை அறை மாற்றுங்கள்.

பச்சிளம் குழந்தைக்கு வலைதான் முதல் தேர்வு. ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் சுருளை வாங்கவே வேண்டாம். லிக்விடானால், அவர் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் ஓட்டி அணைத்துவிட்டு, காற்றாடவிட்டபின் வலைக்குள் படுப்பது நல்லது.

விபத்து நேர்ந்தால்

குழந்தை லிக்விடைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், விரலைத் தொண்டைக்குள் விடுவது எதுவும் கூடாது. பயப்பட வேண்டியது மருந்தைவிடக் கரைப்பானுக்கு. வாந்தியோடு அது நுரையீரலுக்குள் இறங்கினால் கடுமையான நிமோனியா வரும். வாயைத் துடைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை. குழந்தை சிரித்து விளையாடினாலும் போக வேண்டும், இருமலும் மூச்சுத் திணறலும் சில மணி நேரம் கழித்துத் தொடங்கலாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் தூக்கிச் செல்லுங்கள். இந்த மருந்துக்கென்று மாற்று மருந்து கிடையாது, அறிகுறியைப் பார்த்துத்தான் சிகிச்சை.

தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முகத்தில் எறும்பூர்வது போன்ற கூச்சம் தெரியும், பொதுவாக ஒரு நாளுக்குள் போய்விடும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீர். தலைவலி, குமட்டல் வந்தவரைத் திறந்த வெளிக்குக் கூட்டிப் போங்கள், தணியாவிட்டால் மருத்துவர்.

வைத்திருப்பதும் வீசுவதும்

மாற்று ரீஃபில்கள் மூடியோடு, நிமிர்ந்து, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், அரிசி பருப்பு இல்லாத அலமாரியில் இருக்கட்டும். பயணத்தில் மெஷினையும் பாட்டிலையும் பிரித்து, பாட்டிலை மூடி தனிப் பையில் போடுங்கள். வாங்கும்போது மருந்தின் பெயர், சதவீதம், பதிவு எண், காலாவதித் தேதி நான்கும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் வாங்காதீர்கள். காலிப் பாட்டிலைக் கழுவி வேறெதையும் ஊற்றி வைக்கக் கூடாது, கழுவிய தண்ணீர் சாக்கடை வழியாகக் குளத்துக்குப் போனால் மீன் சாகும். கழுவாமல், மூடியைப் போட்டு, லேபிள் சொல்கிறபடி குப்பையில் சேருங்கள். தீர்ந்த மேட்டிலும் கொஞ்சம் மருந்து மிச்சமிருக்கும், அடுப்பில் போடாதீர்கள்.